நாய்க்கு சிலை வைக்கிறது வெள்ளைக்காரன் பழக்கமா? கல்லுல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க

நாய்க்கெல்லாம் நினைவுச் சின்னம் வைக்கிறது வெள்ளைக்காரன் ஆரம்பிச்சு வச்ச பழக்கம்தானே, நாய்க்கு வீரம்னா என்னன்னு தெரியுமா, தெருவுல உயிரோட அலையிற நாய்க்கு சோறு போடாம செத்த நாய்க்கு வெண்கலம் எதுக்கு, அப்படின்னு மூணு கேள்வியை ஒண்ணா கேட்டிருக்கீங்க. மூணுக்கும் பதில் இருக்கு, ஆனா கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா இந்த விஷயத்துல நெஜக் கதை எவ்வளவு இருக்கோ அதே அளவுக்கு புருடாவும் கலந்து கிடக்கு.

முதல் கேள்விக்கு பதில், இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆவது ஆட்சியாண்டுல நட்டது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் எருமை மந்தையைக் காக்கப் போய் சண்டையில செத்துடுறான், அவனுக்காக நட்ட கல் அது. இதுவரைக்கும் எல்லா நடுகல்லுலயும் இருக்கிற சமாச்சாரம்தான். ஆனா இந்தக் கல்லுல வீரனோட கூடவே ஒரு நாயையும் செதுக்கியிருக்காங்க, செதுக்கினதோட விடாம கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடிச்சு காத்து நின்னுச்சுன்னு தனியா எழுத்துலயும் பொறிச்சிருக்காங்க. நடுகல் நடுறது அந்தக் காலத்துல சும்மா ஒரு ஞாபகத்துக்கு வைக்கிற வேலை கிடையாது, கல்லைத் தேடிப் பார்க்கிறதுல தொடங்கி நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துப் பாடுற வரைக்கும் தொல்காப்பியத்துலயே முறை சொல்லியிருக்கு. அப்படிப்பட்ட கல்லுல ஒரு நாயோட பேருக்கு இடம் குடுத்திருக்காங்கன்னா அந்த ஊர்க்காரங்க அதை என்னவா நெனச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு இதைவிட சுவாரசியம். கர்நாடகத்துல மண்டியா மாவட்டம் ஆதகூர்ல கிடைச்ச கல், கி.பி. 949-950 வாக்குல உள்ளது, இப்போ பெங்களூரு அரசு அருங்காட்சியகத்துல இருக்கு. தக்கோலம் போர் ஞாபகம் இருக்கும், நம்ம அரக்கோணம் பக்கத்துல ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் ஒரு பக்கம், பராந்தக சோழனோட மகன் இராசாதித்தன் இன்னொரு பக்கம், யானை மேலயே இராசாதித்தன் உயிர் போன போர். அந்தப் போர்ல நல்லா சண்டை போட்ட மணலேரன்னு ஒரு வீரனைக் கூப்பிட்டு உனக்கு என்ன வேணும் கேளுன்னு பூதுகன் கேட்கிறான். நிலம் கேட்கலாம், பொன் கேட்கலாம், இவன் கேட்டது ராஜாகிட்ட இருந்த காளிங்கிற வேட்டை நாயை! குடுத்துட்டாங்க. அப்புறம் ஒரு நாள் அந்தக் காளி பெரிய காட்டுப்பன்றி ஒண்ணோட மோதுது, ரெண்டுமே செத்துப் போகுது. மணலேரன் கோயிலுக்கு முன்னாடி அதுக்கு கல்லு நட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் எழுதி வைக்கிறான், அந்த நிலத்தை அனுபவிக்கிற பூசாரி கல்லைக் கும்பிடாம சாப்பிட்டா பாவம் சேரும்னு கல்வெட்டுலயே எச்சரிக்கை வேற. கல்லோட மேல்பகுதியில நாயும் பன்றியும் முட்டி மோதுற சிற்பம் இருக்கு. ஒரு பெரிய அரசியல் போரைப் பத்தி வரலாற்று ஆசிரியர்கள் தேடித் தேடிப் படிக்கிற ஆதாரம், ஒரு நாய்க்கு நட்ட கல்லுல இருந்து கிடைக்குதுங்கிறதே எனக்குப் பிடிச்ச விஷயம்.

இதை முதல்ல சொன்னது ஊர்ப் பெருமைக்காக இல்ல. நாய் நினைவுச் சின்னம் எதைப் பார்த்தாலும் நான் ரெண்டே விஷயம்தான் தேடுவேன், நாயோட பேர் இருக்கா, அது செஞ்ச காரியம் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கா. அந்த ரெண்டும் எடுத்தனூர் கல்லுலயும் ஆதகூர் கல்லுலயும் இருக்கு, பின்னாடி வந்த ரொம்ப பிரபலமான சிலைகள் சிலதுல இல்ல.

உதாரணத்துக்கு பாரி. செயின்ட் பெர்னார்ட் நாய், 1800ல இருந்து 1814 வரைக்கும் வாழ்ந்தது, சுவிட்சர்லாந்து இத்தாலி எல்லையில கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய்ல இருக்கிற மடத்துல, பனியில சிக்கினவங்களைக் கண்டுபிடிக்கிற வேலை. நாப்பது பேர் உயிரைக் காப்பாத்தினதா பேரு. பாரிஸ் பக்கத்துல ஆஸ்னியேர்னு ஒரு இடத்துல 1899ல தொறந்த நாய்க் கல்லறை இருக்கு, உள்ள போனதும் பாரியோட பெரிய சிலை, முதுகுல ஒரு குழந்தை. கீழ என்ன எழுதியிருக்குன்னா, நாப்பது பேரைக் காப்பாத்துச்சு, நாப்பத்தி ஒண்ணாவது ஆள் கையால செத்துச்சுன்னு. அதாவது பனியில கிடந்த ஒரு சிப்பாய் அதை ஓநாய்னு நெனச்சு குத்திட்டானாம். படிக்கிறவங்க கண்ணு கலங்கும். பிரச்சனை என்னன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல, பாரிக்கு வயசாகி பெர்ன் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போய் அங்க ஓய்வுல இருந்து 1814ல இயற்கையா செத்துச்சு, பதப்படுத்தின உடம்பு இன்னைக்கும் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு. கழுத்துல பிராந்தி பீப்பாய் தொங்குற படமெல்லாம் பார்த்திருப்பீங்க, அதுவும் கதைதான், லாண்ட்சீர்னு ஒரு ஆங்கில ஓவியர் 1820ல வரைஞ்ச படத்துல இருந்து பரவினது. நாப்பது பேரைக் காப்பாத்தின நாய்க்கு அதுவே போதாதா, எதுக்கு இந்த சினிமா கிளைமாக்ஸ்னு எனக்கு எரிச்சலா வரும்.

வேல்ஸ்ல பெத்கெலர்ட்னு ஒரு ஊர்ல இருக்கிற கெலர்ட் கல்லறை இன்னும் மோசம், அங்க நாயே கிடையாது. ராஜா வேட்டைக்குப் போயிட்டு வர்றார், தொட்டில் கவிழ்ந்து கிடக்கு, நாய் வாயெல்லாம் ரத்தம், குழந்தையைக் கொன்னுடுச்சுன்னு வெட்டிடுறார், அப்புறம் பார்த்தா குழந்தை பத்திரமா இருக்கு, பக்கத்துல செத்த ஓநாய். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம கீரிப்பிள்ளை கதையேதான், பாம்பு இருந்த இடத்துல ஓநாய். சிலப்பதிகாரத்துலயே அடைக்கலக் காதையில கீரியைக் கொன்ன பார்ப்பனப் பெண்ணுக்கு கோவலன் பொருள் குடுத்து உதவினதா வரும், அவ்வளவு பழைய கதை. நாடு நாடா சுத்தி வேல்ஸ் போய்ச் சேர்ந்த இந்தக் கதையை பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில அந்த ஊர் ஓட்டல்காரர் ஒருத்தர் தூக்கிப் பிடிச்சு, கல்லையும் நிக்க வச்சு கல்லறைன்னு சொல்லிட்டார், கூட்டம் வரணுமே. இன்னைக்கு வரைக்கும் வந்துட்டுதான் இருக்கு.

இப்போ பால்டோ, டோகோ விவகாரத்துக்கு வர்றேன், ஏன்னா எந்த நாய்க்கு சிலை கிடைக்கும் எதுக்குக் கிடைக்காதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1925 ஜனவரி, அலாஸ்காவுல நோம்ங்கிற ஊர்ல தொண்டை அடைப்பான் நோய், டிப்தீரியா, குழந்தைங்க சாகுறாங்க. மருந்து ரயில்ல நெனானாங்கிற இடம் வரைக்கும்தான் வரும், அங்கிருந்து 674 மைல், ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர், பனிக்காடு, விமானம் ஓட்ட முடியாத குளிர். நாய்ங்க இழுக்கிற பனிச்சறுக்கு வண்டிதான் வழி. இருபது வண்டிக்காரங்க, 150 நாய்ங்க மாதிரி, ஒருத்தர் கையில இருந்து அடுத்தவர் கைக்கு மாத்தி மாத்தி அஞ்சரை நாள்ல கொண்டு சேர்த்தாங்க. கடைசி கட்டத்தை ஓட்டினவர் குன்னர் காசன், அவர் வண்டியில முன்னணி நாய் பால்டோ. ஊருக்குள்ள மருந்தோட நுழைஞ்சது அந்த வண்டிங்கிறதால பேப்பர்ல பேர் வந்தது பால்டோவுக்கு. அதே வருஷம் டிசம்பர்ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல வெண்கலச் சிலை, ரோத்னு சிற்பி, திறப்பு விழாவுக்கு பால்டோவே நேர்ல வந்துச்சு!

ஆனா அந்த ஓட்டத்துல ரொம்ப நீளமான, ரொம்ப ஆபத்தான பகுதியைக் கடந்தது லெனார்ட் செப்பாலாவோட வண்டி, முன்னணி நாய் டோகோ, அப்போ அதுக்கு வயசு 12, நாய்க்கு அது கிழப்பருவம். பால்டோ ஓடினது 55 மைல் மாதிரி. டோகோ மருந்தோட மட்டும் 91 மைல், மருந்தை வாங்கப் போன தூரத்தையும் சேர்த்தா 260 மைலுக்கு மேல, அதுல நார்ட்டன் சவுண்டுன்னு ஒரு விரிகுடாவோட உறைஞ்ச பனி மேலயும் ஓடணும், காத்து அடிச்சா பனித்தட்டு உடைஞ்சு ஆளோட கடலுக்குள்ள போயிடும். செப்பாலா கடைசி வரைக்கும் இதைப் பத்தி வருத்தப்பட்டுட்டே இருந்தாரு. டோகோவுக்கு நியூயார்க்ல ஒரு சிலை வந்தது 2001ல, சீவார்ட் பார்க்ல. எழுபத்தஞ்சு வருஷம் லேட்டு.

சிலையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம், சென்ட்ரல் பார்க் சிலையில இருக்கிற பலகையைப் படிச்சுப் பார்த்தா அதுல பால்டோவை மட்டும் புகழலை, மருந்தைக் கை மாத்திக் கொண்டு போன எல்லா வண்டி நாய்களோட உறுதிக்கும்தான் காணிக்கைன்னு எழுதியிருக்கு. எழுதினவங்க நியாயமா எழுதிட்டாங்க, பார்க்கிறவங்கதான் சிலையை மட்டும் பார்த்துட்டு பலகையைப் படிக்கிறதில்ல. குழந்தைங்க ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு தேய்ஞ்சு பளபளன்னு இருக்கும்.

சரி, சிலையா நின்ன பால்டோ உயிரோட எப்படி இருந்துச்சுன்னு கேட்டா அதுதான் கொடுமை. விழா முடிஞ்சு கொஞ்ச காலத்துலயே அந்த நாய்களை விற்றுட்டாங்க, கை மாறி மாறி கடைசியில லாஸ் ஏஞ்சல்ஸ்ல காசு குடுத்துப் பார்க்கிற ஒரு மலிவான காட்சி சாலையில கட்டிக் கிடந்துச்சு, எலும்பும் தோலுமா. சிலை வச்சு ரெண்டு வருஷம்கூட ஆகலை. கிளீவ்லாந்து வியாபாரி ஜார்ஜ் கிம்பிள் தற்செயலா அதைப் பார்த்துட்டு ஊர்ல போய்ச் சொல்ல, பள்ளிக்கூடப் பசங்க சில்லறை போட, தொழிலாளிங்க போட, 2,000 டாலர் சேர்ந்து 1927ல நாய்களை வாங்கி கிளீவ்லாந்து மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு வந்தாங்க. 1933ல செத்துச்சு. உங்க மூணாவது கேள்வியோட நியாயம் எனக்கு நல்லா புரியறது இந்தக் கதையாலதான், அதுக்கு பின்னால வர்றேன்.

ஹச்சிகோ, எடின்பரோ பாபி, இத்தாலி ஃபிடோ இவங்களைப் பத்தியும் சொல்லணும்னு எதிர்பார்ப்பீங்க. செத்துப்போன எசமானுக்காக வருஷக்கணக்கா காத்துக் கிடந்ததா பேர் வாங்கின நாய்ங்க. இதெல்லாம் விசுவாசத்துக்கு வச்ச சிலை, வீரத்துக்கு இல்ல, அதனால சுருக்கமா முடிச்சுடறேன். ஷிபுயா ஸ்டேஷன்ல ஹச்சிகோ சிலை 1934ல அது உயிரோட இருக்கும்போதே வச்சது, போர்க்காலத்துல உலோகத்துக்காக உருக்கிட்டாங்க, இப்போ இருக்கிறது 1948ல முதல் சிற்பியோட மகன் செஞ்சது. பாபி சிலை 1873ல, ஒரு பணக்கார சீமாட்டி பணம் போட்டது. மூக்கைத் தேய்ச்சா அதிர்ஷ்டம்னு எவனோ கிளப்பி விட்டதுல மூக்கு கறுப்பு போய் மஞ்சளா நிக்குது, நகர நிர்வாகம் கையெடுத்துக் கும்பிடாத குறையா தேய்க்காதீங்கன்னு கேட்டுட்டு இருக்கு.

இப்போ கொஞ்சம் கஷ்டமான பகுதி. நாய் நினைவுச் சின்னங்கள்ல நிறைய, நல்லா கவனிச்சா, பாராட்டு இல்ல, பாவமன்னிப்பு. லைக்காவை எடுத்துக்கோங்க, 1957 நவம்பர் 3, ஸ்புட்னிக் 2, மாஸ்கோ தெருவுல பிடிச்ச நாய். திரும்பக் கொண்டு வர ஏற்பாடே இல்லாம விண்வெளிக்கு அனுப்பினாங்க. பல நாள் உயிரோட இருந்துச்சுன்னு ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க, 2002லதான் ரஷ்ய விஞ்ஞானி ஒருத்தர் சில மணி நேரத்துலயே சூடு தாங்காம செத்துடுச்சுன்னு வெளிப்படையா சொன்னாரு. அந்தத் திட்டத்துல வேலை பார்த்த ஓலெக் கசென்கோ, அந்த நாய் செத்ததை நியாயப்படுத்துற அளவுக்கு நாங்க எதையும் கத்துக்கலைன்னு வயசான காலத்துல வருத்தப்பட்டாரு. 2008ல மாஸ்கோவுல அதுக்குச் சின்னம் வந்துச்சு, ராக்கெட் மேல போகப் போக ஒரு உள்ளங்கையா மாறும், அந்தக் கை மேல லைக்கா நிக்கும். அழகான வேலைப்பாடு, ஆனா அது யாரோட கை, ஏந்துற கையா அனுப்பின கையான்னு நான் ஒவ்வொரு தடவை படம் பார்க்கும்போதும் யோசிப்பேன்.

வோல்கோகிராட்ல 2011ல திறந்த சின்னம் ஒண்ணு இருக்கு, டாங்கி எதிர்ப்பு நாய்களுக்கு. ரெண்டாம் உலகப் போர்ல சோவியத் ராணுவம் நாய்களைப் பட்டினி போட்டு, டாங்கிக்கு அடியில சாப்பாடு வச்சுப் பழக்கி, அப்புறம் முதுகுல வெடிகுண்டு கட்டி ஜெர்மன் டாங்கி பக்கம் விடும். பழக்கினது சோவியத் டாங்கியில, அந்த டீசல் வாசனைக்குப் பழகின நாய், குண்டு சத்தத்துல மிரண்டு சொந்த ஆளுங்க பதுங்கியிருந்த குழிக்கே திரும்பி ஓடி வந்த சம்பவமும் நடந்துச்சு. இதை வீரம்னு கல்லுல எழுதுறதுக்கு எனக்கு மனசு ஒப்பலை. சாப்பாடு தேடிப் போன நாய் அது.

ஜப்பான்காரங்க இந்த விஷயத்துல கொஞ்சம் நேர்மை. 1958 பிப்ரவரியில அன்டார்டிகாவுல இருந்த அவங்க ஆய்வுக் குழு மோசமான வானிலையால அவசரமா கிளம்ப வேண்டியதாப் போச்சு, அடுத்த குழு வந்துடும்னு நம்பி 15 நாய்களைச் சங்கிலியோட விட்டுட்டு வந்தாங்க, அடுத்த குழு போகவே முடியலை. மறு வருஷம் ஜனவரியில போய்ப் பார்த்தா தாரோ, ஜிரோன்னு ரெண்டு நாய் உயிரோட நிக்குது! ஏழு நாய் கட்டின இடத்துலயே செத்துக் கிடந்துச்சு, மீதி ஆறு காணோம். ரெண்டுக்கு மட்டும் சிலை வச்சு கொண்டாடியிருக்கலாம், ஆனா டோக்கியோ டவர் அடியில 1959ல வச்சது பதினஞ்சு நாய்க்கும் சேர்த்து பதினஞ்சு சிலை. 2013ல அதைத் தச்சிகாவாவுல இருக்கிற துருவ ஆராய்ச்சி நிலையத்துக்கு மாத்தினாங்க. தப்பிச்சதுக்கு மட்டும் இல்லாம செத்ததுக்கும் காணாமப் போனதுக்கும் இடம் குடுத்தாங்க பாருங்க, அதுதான் சரி.

லண்டன் பார்க் லேன் பக்கம் 2004ல திறந்த போர் விலங்குகள் நினைவுச் சின்னம், நாய், குதிரை, கோவேறு கழுதை, புறா எல்லாத்துக்கும் பொதுவானது, அதுல ஒரு வரி, அதுங்களுக்கு வேற வழி இருக்கலைன்னு அர்த்தம் வர்ற மாதிரி. நான் பார்த்ததுலயே ரொம்ப நேர்மையான வாசகம்னா இதைத்தான் சொல்வேன். அதே லண்டன்ல பேட்டர்சீ பகுதியில 1906ல ஒரு பழுப்பு நாய்க்கு வச்ச சிலை மருத்துவக் கல்லூரியில நாயை உயிரோட அறுத்துப் பண்ற சோதனையை நேரடியா குற்றம் சாட்டினதுனால மாணவர்கள் கலவரமே பண்ணாங்க, போலீஸ் காவல் போட்டு கட்டுப்படியாகாம 1910 மார்ச்ல ராத்திரியோட ராத்திரியா 120 போலீஸ் பாதுகாப்போட சிலையைப் பேர்த்து எடுத்துட்டாங்க, 1985லதான் புதுசு வந்துச்சு. நாய் சிலைக்கு இவ்வளவு அடிதடியான்னு தோணும், சிலை நாய்க்காக இல்ல, மனுஷனைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

அப்போ வீரம்னு எதைத்தான் சொல்றது, உங்க ரெண்டாவது கேள்வி. நாய்க்கு தேசம் தெரியாது, கொடி தெரியாது, செத்துடுவோம்னு கணக்குப் போட்டு துணியுறது மனுஷ வேலை. ஆனா பயம்னா என்னன்னு நாய்க்கு ரொம்ப நல்லாவே தெரியும், வெடிச்சத்தத்துல கட்டிலுக்கடியில போய் நடுங்குற நாயைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. அந்தப் பயம் உடம்புல இருக்கும்போதே தன்னோட ஆளை விட்டுப் போகாம நிக்குதுன்னா அதுக்கு வேற என்ன பேர் வைக்கிறது? கேண்டர்னு ஒரு நாய், நியூஃபவுண்ட்லாந்து இனம், கனடா படையோட ஹாங்காங் போச்சு. 1941 டிசம்பர்ல ஜப்பான் படை எறிஞ்ச கையெறி குண்டு காயம்பட்ட ஏழு சிப்பாய்ங்க பக்கத்துல விழ, இது வாயில கவ்விட்டு ஓடிப் போய் வெடிச்சு செத்துச்சு. பந்து எடுக்கிற பழக்கத்துல கவ்வுச்சா, தெரிஞ்சே எடுத்துட்டு ஓடுச்சான்னு விவாதம் பண்ணலாம், அந்த ஏழு பேரும் விவாதம் பண்ணியிருக்க மாட்டாங்க. 2000ல அதுக்கு டிக்கின் பதக்கம் குடுத்தாங்க, ஒட்டாவாவுல இருக்கிற ஹாங்காங் வீரர்கள் நினைவுச் சுவர்ல அதோட பேரும் இருக்கு, மனுஷங்க பேரோட சேர்த்து.

டிக்கின் பதக்கம்னா 1943ல மரியா டிக்கின்ங்கிற அம்மா பிரிட்டன்ல ஆரம்பிச்சது, விலங்குகளுக்கான விக்டோரியா கிராஸ்னு சொல்வாங்க. 1949 வரைக்கும் குடுத்த 54ல நாய்க்கு 18தான், புறாவுக்கு 32! அமெரிக்க ராணுவத்துல சிப்ஸ்னு ஒரு நாய் 1943ல சிசிலியில எந்திரத் துப்பாக்கி இருந்த குடிசைக்குள்ள தனியா பாய்ஞ்சு எதிரிகளை வெளிய வர வச்சுச்சு, சில்வர் ஸ்டார் குடுத்துட்டு, விலங்குக்கு பதக்கம் கூடாதுன்னு பின்னாடி திரும்ப வாங்கிட்டாங்க. பாராட்ட வந்த படைத்தளபதி ஐசனோவரையே கடிச்சதா சொல்வாங்க, எனக்கு அதுல ஒரு திருப்தி.

நம்ம நாட்டுல ஜஞ்சீர் பேரைக் கேட்டிருப்பீங்க, மும்பை போலீஸ் லாப்ரடார், 1993 தொடர் குண்டு வெடிப்பு சமயத்துல 3,329 கிலோ ஆர்டிஎக்ஸ், 600 டெட்டனேட்டர், 249 கையெறி குண்டு கண்டுபிடிக்க உதவுச்சு, 2000ல எலும்புப் புற்றுநோய்ல செத்தப்போ முழு மரியாதையோட அடக்கம் பண்ணாங்க. வீரம்னு நாம சினிமாத்தனமா பாய்ஞ்சு கடிக்கிறதைத்தான் நினைக்கிறோம், ஜஞ்சீர் செஞ்சது மோப்பம் பிடிச்சு பேசாம நிக்கிறது, ஆனா அதனால தப்பிச்சவங்க எத்தனை பேருன்னு கணக்கே போட முடியாது. ராணுவத்துல ஜூம்னு பெல்ஜியன் மாலினோய்ஸ், 2022 அக்டோபர்ல அனந்த்நாக் சண்டையில ரெண்டு குண்டு வாங்கியும் தீவிரவாதியை விடாம பிடிச்சுட்டு, நாலு நாள்ல ஸ்ரீநகர் ராணுவ கால்நடை மருத்துவமனையில செத்துச்சு. மறு வருஷம் கென்ட்னு ஒரு லாப்ரடார் ரஜோரியில தன்னோட பயிற்சியாளருக்கு கவசமா நின்னு செத்துச்சு. இந்தப் பேரெல்லாம் ரெண்டு நாள் டிவியில ஓடும், அப்புறம் மறந்து போகும், அதுக்காகவாவது பொது இடத்துல ஒரு கல்லு தேவைன்னு நினைக்கிறேன். ராணுவ முகாமுக்குள்ள இருக்கிற சின்னத்தை நீங்களும் நானும் போய்ப் பார்க்க முடியாது.

கடைசியா அந்தப் பணம், சோறு கேள்வி. சிலையா உயிரான்னு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா உயிர்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா நடைமுறையில சிலைக்காக அலைஞ்ச ஆளுங்கதான் பெரும்பாலும் உயிருக்காகவும் அலைஞ்சிருக்காங்க. குவாம் தீவுல 1944ல அமெரிக்க மரைன் படையோட 25 நாய் செத்துச்சு, பெரும்பாலும் டாபர்மேன். அந்த நாய்ப்படைக்குத் தலைமை தாங்கின வில்லியம் புட்னி ஒரு கால்நடை மருத்துவர். போர் முடிஞ்சதும் இந்த நாய்ங்க ஆபத்தானதுங்க, கொன்னுடலாம்னு பேச்சு வந்தப்போ, மறுபடியும் வீட்டு நாயா பழக்க முடியும்னு சண்டை போட்டு பழக்கியும் காட்டினாரு, பெரும்பாலான நாய் வீடு போய்ச் சேர்ந்துச்சு. அதே மனுஷன்தான் ஐம்பது வருஷம் கழிச்சு 1994ல குவாம்ல அந்த 25 பேரையும் பொறிச்ச சின்னம் வர்றதுக்கும் பாடுபட்டாரு. மேல படுத்திருக்கிற டாபர்மேன் சிலை, கீழ குர்ட், யோன்னி, கோகோன்னு வரிசையா பேர். நான் தேடுறேன்னு சொன்னது இந்த மாதிரி சின்னத்தைத்தான்.

இந்தப் பாடத்தை அவங்க ராணுவமே மறந்துடுச்சு. வியட்நாம் போருக்கு 4,000 நாய் மாதிரி போச்சு, திரும்பினது 200 இருந்தா அதிகம், மீதியெல்லாம் உபரிச் சாமான் கணக்குல எழுதி அங்கயே விட்டுட்டாங்க, இல்ல கொன்னுட்டாங்க. அந்த நாய்களோட இருந்த சிப்பாய்ங்க அப்புறம் ஊர் ஊரா நினைவுச் சின்னம் கேட்டதும், சட்டம் மாறணும்னு குரல் குடுத்ததும் ஒரே ஆளுங்கதான். 2000ல ராபி சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, ஓய்வு பெற்ற ராணுவ நாயைத் தத்து எடுத்துக்கலாம்னு. நம்ம ராணுவத்துலயும் வேலைக்கு ஆகாத நாயைக் கருணைக்கொலை பண்ற வழக்கம் ரொம்ப காலம் இருந்துச்சு, 2015ல ஆர்டிஐ கேள்விக்கு வந்த பதில்ல அது வெளிய தெரிஞ்சு பெரிய சத்தமாச்சு, அதுக்கப்புறம்தான் தத்து குடுக்கிற பேச்செல்லாம் வேகம் எடுத்துச்சு.

அதனால யாராவது நாய்க்கு சிலை வைக்கலாம்னு உங்ககிட்ட வந்தா வேஸ்ட்டுன்னு விரட்டாதீங்க. அந்த நாயோட வேலை பார்த்த மத்த நாய்ங்க இப்போ எங்க இருக்கு, ஓய்வுக்கு அப்புறம் அதுங்களை யாரு பார்த்துக்கிறான்னு முதல்ல கேளுங்க. அதுக்கு ஒழுங்கா பதில் இருந்தா பணம் குடுங்க. இல்லேன்னா அந்தப் பணத்தை முதல்ல அங்க அனுப்பச் சொல்லுங்க, சிலையை அடுத்த வருஷம் வச்சுக்கலாம்.